வயிற்றுப்போக்குக்கு ஜிங்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று போனால், மருத்துவர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு ஓர் அட்டை ஜிங்க் மாத்திரையோ ஒரு பாட்டில் சிரப்போ எழுதித் தருகிறார். முதலாவது எதற்கு என்று அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டாவதைப் பற்றித்தான் ஓயாமல் கேள்விகள் வருகின்றன. ஜிங்க் என்பது பள்ளியில் துத்தநாகம் என்று படித்ததுதான். கீழே இரண்டு பெயர்களும் மாறி மாறி வரும்.

ஓ.ஆர்.எஸ். கொடுக்கிறோமே, அது போதாதா?

உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ்.தான். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறப்பதற்கு முக்கியக் காரணம், நீரும் உப்பும் உடலைவிட்டு வடிந்துபோவது. குடல் எவ்வளவு கெட்டிருந்தாலும், உப்பும் குளுக்கோஸும் ஒன்றாக வந்தால் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல் ஒன்று பெரும்பாலும் திறந்தே இருக்கும். அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது இந்த வழியில்.

இழந்ததை ஈடுகட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. பழுதான குடலைச் சீக்கிரம் ஆற்றுவதும், அடுத்த போக்கு வராமல் தள்ளிப்போடுவதும் அதனால் ஆகாது. அதற்காகத்தான் ஜிங்க். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, இரண்டையும் சேர்த்தே கொடுக்கச் சொன்னது. 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும் ஒரே உறையில் இருக்கும் கூட்டுப் பொட்டலமும் இடம்பெற்றது. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அந்த உறைக்குக் காரணம்.

இரண்டில் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் ஓ.ஆர்.எஸ்.ஸைக் கொடுங்கள். ஜிங்க் நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை. நீர்ச்சத்து நாளை வரை காத்திருக்காது.

மருந்து கொடுத்து இரண்டு நாளாகிறது. இன்னும் நிற்கவில்லையே?

நிற்காது. ஜிங்க் போக்கை அடைக்கும் மருந்து இல்லை. போக்கின் அளவும் நாட்களும் மெல்லக் குறையும், அவ்வளவுதான். நேற்று ஏழு முறை போன குழந்தை இன்று ஐந்து முறை போனால் மருந்து தோற்றுவிட்டது என்று பொருளல்ல. பாட்டிலை ஓரங்கட்டிவிட்டு வேறு மருந்து தேடி ஓடுவது இந்தக் கட்டத்தில்தான் அதிகம் நடக்கிறது.

சரி, அந்தத் துத்தநாகம் குடலில் என்னதான் செய்கிறது?

சிறுகுடலின் உட்சுவர் ஈரமான வெல்வெட் துணி போல இருக்கும். அந்த மயிரிழைகள்தாம் குடல் உறிஞ்சிகள். உண்ட உணவும் குடித்த நீரும் உடலுக்குள் போவது அவற்றின் வழியாக. ரோட்டா வைரஸ் போன்ற கிருமி வந்தால், அந்த உறிஞ்சிகளின் நுனியில் இருக்கும் முதிர்ந்த செல்களைத்தான் குறிவைத்து அழிக்கும். நுனி போனால் உறிஞ்சும் பரப்பு சுருங்கிவிடும். சர்க்கரையைச் செரிக்கும் நொதிகளும் கூடவே போய்விடும். உள்ளே போக வேண்டியது அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

குடல் சும்மா இருப்பதில்லை. அடியிலிருந்து புதுச் செல்கள் முளைத்து மேலே ஏறிக்கொண்டே இருக்கின்றன. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் உட்சுவர் முழுவதும் புதிதாகிவிடும். செல் பிரிய வேண்டும் என்றால் துத்தநாகம் வேண்டும். உடலில் 300-க்கும் மேற்பட்ட நொதிகள் அதை நம்பி இயங்குகின்றன. ஆகவே அது குறைந்த குழந்தையின் குடலில் இந்தக் கட்டட வேலை செங்கல் வராத மனை போல இழுத்துக்கொண்டே போகும்.

இது தவிர நேரடியான வேலை ஒன்றும் உண்டு. காலரா போன்ற நோய்களில் நச்சுப்பொருள் குடல் செல்லைத் தூண்டிவிட்டு, அது குளோரைடு உப்பைக் குடலுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும்படி செய்கிறது. உப்பின் பின்னால் நீரும் கொட்டும். அந்தச் செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் பொட்டாசியம் வாய்க்கால் ஒன்றைத் துத்தநாகம் அடைக்கிறது. அது அடைபட்டால் குளோரைடு கசிவும் தளர்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் சரியாக வளரவும் துத்தநாகம் தேவை.

இதிலுள்ள கொடுமை என்னவென்றால், வயிற்றுப்போக்கே துத்தநாகத்தை மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இரும்பைச் சேமித்துவைக்க உடலில் கிடங்கு இருக்கிறது. துத்தநாகத்துக்கு அப்படி எடுத்துப் பயன்படுத்தத் தக்க கிடங்கு கிடையாது. போக்கால் துத்தநாகம் குறைகிறது; குறைந்ததால் போக்கு நீடிக்கிறது.

குறைந்தால் போக்கு வரும் என்பதற்குச் சான்று உண்டா?

அக்ரோடெர்மடைடிஸ் என்டரோபதிகா என்று ஓர் அரிய பரம்பரை நோய் உண்டு. குடலில் துத்தநாகத்தை உள்ளே இழுக்கும் புரதம் பிறவியிலேயே பழுதாக இருக்கும். பால்குடி மறந்த கொஞ்ச நாளில் வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் புண், முடி உதிர்தல், ஓயாத வயிற்றுப்போக்கு. ஒரு காலத்தில் இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. 1970-களில் லண்டன் மருத்துவர் மொய்னஹன், வெறும் துத்தநாகம் கொடுத்தே இந்நோய் அடங்குவதைக் கண்டார். சில நாட்களிலேயே போக்கு நின்று தோல் ஆறியது. ஒரே ஒரு தாதுப்பொருளின் குறைவு குடலை இந்த அளவுக்குக் குலைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எவ்வளவு கொடுக்க வேண்டும்? எத்தனை நாள்?

2004 பரிந்துரை இது: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி.; ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 10 மி.கி. நாளுக்கு ஒரு முறை, 10 முதல் 14 நாட்கள். மருத்துவர் இதைவிடக் குறைத்து எழுதியிருந்தால் பதறாதீர்கள். அதற்கும் காரணம் உண்டு, கீழே வருகிறது.

மூன்றாம் நாளே மலம் கெட்டியாகிவிட்டது. ஏன் இன்னும் கொடுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

மலம் கெட்டியானது என்றால் போக்கு நின்றது என்று அர்த்தம். குடலில் இருந்த பழுது முழுவதும் நீங்கிவிட்டது என்றோ, இழந்த துத்தநாகம் திரும்பிவிட்டது என்றோ அர்த்தமில்லை. முதல் சில நாட்கள் கொடுப்பது இந்தப் போக்குக்கு. மீதி நாட்கள் கொடுப்பது அடுத்து வரக்கூடிய போக்குக்கு. முழுக் கணக்கும் கொடுத்த குழந்தைகளுக்கு அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு வயிற்றுப்போக்கு வருவது குறைகிறது என்பதை வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 10–14 நாள் என்று வரையறுத்தது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? குழந்தை எழுந்து விளையாடத் தொடங்கியதும் பாட்டில் அலமாரிக்குப் போய்விடுகிறது. சிரித்து விளையாடும் குழந்தையின் வாயைத் திறந்து மருந்து ஊற்ற யாருக்குத்தான் மனம் வரும்? அதனால் ஒரு சின்ன உத்தி: மாத்திரை அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு குமிழுக்கும் நேராகத் தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். தேதி தாண்டியும் குமிழ் உடையாமல் இருந்தால் கண்ணில் உறுத்தும். சிரப் என்றால் நாட்காட்டியில் அடையாளம் போடுங்கள்.

மாத்திரையை எப்படிக் கொடுப்பது?

குழந்தைகளுக்கென்று வருவது நீரில் கரையும் மாத்திரை. சுத்தமான சிறு கரண்டியில் மாத்திரையை வைத்து, மேலே ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது 5 மி.லி., கொதித்து ஆறிய நீரையோ பிழிந்தெடுத்த தாய்ப்பாலையோ ஓ.ஆர்.எஸ். கரைசலையோ விடுங்கள். நசுக்க வேண்டாம், கிளற வேண்டாம். ஓரங்கள் முதலில் பொரிந்து உதிரும். ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் கலங்கி வெண்மையான குழம்பாகிவிடும். அப்படியே ஊட்டிவிட்டு, கரண்டியின் அடியில் ஒட்டியிருப்பதை இன்னும் சில துளி நீர் விட்டு அலசி அதையும் கொடுங்கள். கொஞ்சம் மருந்து எப்போதும் அந்த அடியில்தான் தங்கும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 20 மி.கி. மாத்திரையில் பாதி. நடுவில் கோடு இருக்கும். அந்தக் கோட்டில் உடைத்தால் சரிபாதியாகும்.

பால் புட்டியில் போட்டுக் கலக்காதீர்கள். குழந்தை பாதிப் பாலை வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

கொடுத்ததும் வாந்தி எடுக்கிறான். விட்டுவிடலாமா?

துத்தநாகத்துக்கு நாணயத்தை நாக்கில் வைத்தது போன்ற ஓர் உலோகச் சுவை உண்டு. இனிப்பு சேர்த்து மறைத்தாலும் முழுவதும் மறையாது. வெறும் வயிற்றில் குமட்டலும் வரும். ஆகவே தாய்ப்பாலோ உணவோ கொஞ்சம் உள்ளே போன பிறகு கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை இன்னொரு முறை கொடுக்கலாம். அதற்குப் பிறகு எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டாம். அடுத்த வேளை நாளைக்குத்தான். தினமும் இதே கதையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க இடமிருக்கிறது.

20 மி.கி. அதிகம் என்கிறார்களே?

கேள்வி நியாயமானது. அமெரிக்க ஊட்டச்சத்து வரையறைப்படி 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் தேவை 3 மி.கி.; தாண்டக் கூடாத உச்ச அளவு 7 மி.கி. அப்படியிருக்க 20 மி.கி. கொடுக்கச் சொல்வது முரணாகத் தெரிகிறது. அந்த உச்ச அளவு மாதக்கணக்கில் நாள்தோறும் உட்கொள்வதற்கான வரம்பு. இரண்டு வாரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது.

ஆனாலும் குறைத்தால் என்ன என்று ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. 5, 10, 20 மி.கி. என மூன்று அளவுகள்; எல்லாம் 14 நாட்கள். போக்கைக் குறைப்பதில் சிறிய அளவுகள் பெரிய அளவுக்குச் சளைக்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தவர்களோ 20 மி.கி. பிரிவில் 19.3 சதவீதம், 10 மி.கி.யில் 15.6, ஐந்தில் 13.7. மருத்துவர் குறைத்து எழுதுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கலாம்.

பயப்பட வேண்டியது நீண்ட காலம் கொடுப்பதற்கு. அதிகத் துத்தநாகம் மாதக்கணக்கில் உள்ளே போனால் செம்புச் சத்து குடலில் ஏறாமல் தடைபடும். இரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் வரும். 14 நாள் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். ‘சத்து மருந்துதானே’ என்று மாதம் முழுவதும் ஊற்றாதீர்கள்.

அட்டையில் ‘ஜிங்க் சல்பேட் 55 மி.கி.’ என்று போட்டிருக்கிறது. எழுதிக்கொடுத்ததோ 20. எது சரி?

இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். மாத்திரையில் தனித் துத்தநாகம் இருப்பதில்லை. சல்பேட், அசிடேட், குளுக்கோனேட் போன்ற உப்பாகத்தான் இருக்கும். ஒரு மூலக்கூறு நீர் சேர்ந்த சல்பேட் ஏறத்தாழ 55 மி.கி. எடுத்தால் அதில் துத்தநாகம் 20 மி.கி. ஏழு மூலக்கூறு நீர் சேர்ந்த சல்பேட் என்றால் அதே 20-க்கு ஏறத்தாழ 88 மி.கி. வேண்டும். பெரிய எண்ணைப் பார்த்து மாத்திரையை மூன்றாக உடைக்கக் கூடாது. ‘தனிம ஜிங்க்’ அல்லது ‘இதற்குச் சமமான ஜிங்க்’ என்று அருகில் சிறு எழுத்தில் இருக்கும் எண்தான் உங்களுக்கு வேண்டியது.

சிரப்பில் இன்னும் கவனம் தேவை. 5 மி.லி.க்கு 20 மி.கி. உள்ளதும் உண்டு, 10 மி.கி. உள்ளதும் உண்டு. போன முறை வாங்கிய பாட்டிலின் அளவை வைத்து இந்த முறை ஊற்றாதீர்கள்.

உண்மையிலேயே பலன் உண்டா, எல்லோரும் சொல்கிறார்கள் என்று நாமும் கொடுக்கிறோமா?

பலன் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை.

கதை 1958-ல் ஈரானில் தொடங்குகிறது. ஷிராஸ் நகரில் பணியாற்றிய ஆனந்த பிரசாத் என்ற இந்திய மருத்துவரிடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்த்தால் பத்து வயதுப் பையன். உணவு பெரும்பாலும் ரொட்டிதான். கூடவே களிமண் தின்னும் பழக்கம். மனிதருக்குத் துத்தநாகக் குறைவு வரவே வராது என்று அன்று நம்பினார்கள். பிரசாத் நம்பவில்லை, 1961-ல் தன் சந்தேகத்தை எழுதினார், 1963-ல் எகிப்தில் நடத்திய ஆய்வில் அதை நிறுவினார்.

வயிற்றுப்போக்குக்கு வருவோம். 1995-ல் டெல்லியில் 937 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், துத்தநாகம் பெற்றவர்களுக்குப் போக்கு நீடிக்கும் வாய்ப்பு 23 சதவீதம் குறைந்தது. 2002-ல் வெளியான வங்கதேச ஆய்வு இன்னும் பெரியது: கிராமங்களில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு 14 நாள் துத்தநாகம் கொடுத்த பகுதிகளில், விபத்து தவிர்த்த காரணங்களால் நேர்ந்த குழந்தை இறப்புகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. துத்தநாகம் கிடைத்த பகுதிகளில் ஆன்டிபயாடிக் பயன்பாடு குறைந்து, ஓ.ஆர்.எஸ். பயன்பாடு கூடியது. கையில் ‘மருந்து’ என்று ஒன்று கிடைத்துவிட்டால், தேவையில்லாத மருந்தைக் கேட்டு யாரும் அலைவதில்லை போலும்.

இப்போது குளிர்ந்த நீரையும் கொஞ்சம் தெளிக்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போக்கு சராசரியாக அரை நாள் குறைந்தது. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளுக்குச் சற்றே அதிகம். ஆறு மாதத்துக்குக் குறைந்தவர்களுக்குப் பலன் தென்படவில்லை. நன்றாகச் சாப்பிட்டு வளரும் குழந்தைக்கு ஜிங்க் அற்புதம் எதுவும் நிகழ்த்தாது. வற்றிக் கிடக்கும் குழந்தைக்கு அந்த ஒரு நாள் மிகப் பெரிது.

அப்படியானால் கைக்குழந்தைக்கு எதற்கு 10 மி.கி.?

2004 பரிந்துரையில் இருக்கிறது, ஆதாரம் மெலிது. நீங்களாகத் தொடங்காமல் மருத்துவர் சொன்னால் கொடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை இளக்கமாகப் பலமுறை போவது இயல்பு. வழக்கத்தைவிட நீராகவும் அடிக்கடியும் போனால்தான் அது வயிற்றுப்போக்கு.

ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் சரியாகாதா?

ஆகாது. சிறு குழந்தைகளின் நீர்ப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆன்டிபயாடிக்கே போக்கை உண்டாக்கவும் செய்யும். இரத்தம் கலந்த சீதபேதி, காலரா என்றால் வேறு கதை. அதை மருத்துவர் முடிவு செய்வார். லோப்பரமைடு போன்ற, குடல் அசைவைக் கட்டிப்போடும் மாத்திரைகளைச் சிறு குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

இரும்புச்சத்து மருந்தும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சேர்த்துக் கொடுக்கலாமா?

இரண்டும் குடலில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஏறப் பார்க்கும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அல்லது ஜிங்க் முடியும்வரை இரும்பை நிறுத்திவைக்கலாமா என்று கேளுங்கள். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளோடும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. துத்தநாகம் அவற்றைப் பிடித்துக்கொண்டு உடலில் ஏறவிடாது.

எனக்கே வயிற்றுப்போக்கு. குழந்தையின் சிரப்பை நானும் குடிக்கலாமா?

பயனில்லை. பரிந்துரையும் ஆய்வுகளும் குழந்தைகளைப் பற்றியவை. நீங்கள் ஓ.ஆர்.எஸ். குடியுங்கள், சிரப்பைக் குழந்தைக்கு விட்டுவையுங்கள்.

ஜிங்க் கொடுக்கும் நாட்களில் உணவை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். வயிற்றைக் காயப்போடுவது பழைய பழக்கம், தவறான பழக்கம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். வழக்கமான உணவைச் சிறு சிறு அளவாகப் பலமுறை கொடுங்கள். முளைக்கிற செல்லுக்குத் துத்தநாகம் மட்டும் போதாது, சோறும் வேண்டும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மலத்தில் இரத்தம், எதையும் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, கண் குழிவிழுதல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகத் திரும்புதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, துவண்டு மயங்கிக் கிடத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜிங்க்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் அல்ல. போகும் வழியிலும் ஓ.ஆர்.எஸ்.ஸைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். போக்கு 14 நாளைத் தொட்டாலும் காட்ட வேண்டும்.

முழுக் கணக்கும் கொடுத்து ஒரு மாதத்தில் மறுபடியும் வந்துவிட்டது. திரும்பவும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், புதிதாக முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். மாதாமாதம் வருகிறது என்றால் மருந்தை விட்டுவிட்டுக் குடிநீரையும் கை கழுவுவதையும் பாருங்கள். குழந்தையின் எடையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

போன தடவை மீந்த சிரப் இருக்கிறதே?

மீந்தது எப்படி என்று முதலில் யோசியுங்கள். 14 நாளும் கொடுத்திருந்தால் அநேகமாக மீந்திருக்காது. திறந்து எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று லேபிளில் இருக்கும். அது தாண்டியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். உடையாத குமிழில் இருக்கும் மாத்திரை என்றால், தேதி பார்த்துப் பயன்படுத்தலாம்.